கோமதிநாயகத்தின் கல்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்பார்.

குருவின் பெயர் ஜமீலா. காயல்பட்டினத்துக்காரர். குன்னூரில் ஒரு வாடகை வீடு, மூன்று கணினி. வானத்தில் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள் அனுப்புவதை வைத்து, மலை நகர்கிறதா நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

சீடரின் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம், அத்தனையும் நீலகிரியில். சங்கிலி பிடித்து மலையை அளந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதம் குருவின் வாசலில் வந்து நின்றார்.

"கத்துக்கணும் மேடம்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"இத்தனை வருஷம் நடந்து அளந்தேன். இப்ப நடக்காமலே அளக்குறாங்களாம். அது எப்படின்னு பாத்துட்டுச் சாகலாம்னு."

"சாகறதுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? உள்ள வாங்க."

முதல் நாளே சீடர் கேட்டார்.

"அது எழுநூறு கிலோமீட்டர் மேல போகுது. விரல் அகலம் மண்ணு இறங்கினா அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கண்ணாடி போட்டும் பஸ் போர்டு தெரியல."

"உங்க ஊர்க் கோயில்ல நாயனத்துக்குப் பக்கத்துல ஒத்து ஊதுவாங்களா?"

"ஊதுவாங்க. இப்ப சுருதிப் பெட்டி."

"நாயனம் சுருதி விலகினா எது வரைக்கும் தெரியும்?"

"ரத வீதி முக்குல பூக்கட்டுறவன் வரைக்கும் தெரியும். முகத்தைச் சுளிப்பான்."

"தூரம் குறுக்க வந்துச்சா?"

சீடர் யோசித்தார். வரவில்லை.

"அவ்வளவுதான்" என்றார் குரு.

விளக்கம் வேண்டுவோருக்கு: செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அதே பாதையில் வரும். அலையை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்புவதைப் பதியும். போன முறை திரும்பியதோடு இந்த முறை திரும்பியதைச் சேர்த்து வைத்தால், தரை நகர்ந்த இடத்தில் சுருதி விலகியிருக்கும். விலகலை நிறமாக வரையலாம். ஏறிய தரை நீலம். இறங்கிய தரை சிவப்பு. அசையாதது பச்சை. தேயிலைச் செடி பதில் சொல்லாது. காற்றில் ஆடும், கவாத்தில் வெட்டுப்படும், ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லும். பாறை ஒழுங்காகச் சொல்லும். தகரக் கூரை அதைவிட ஒழுங்காகச் சொல்லும்.

சீடர் ஒரு வருஷம் கழுத்து வலிக்க உட்கார்ந்து கற்றார்.

அந்த ஆடி மழையில் ஏழாம் நம்பருக்கு மேலே சாலை விரிசல் விட்டது.

ஏழாம் நம்பர் என்பது ஊர்ப் பெயர். தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் பிரிவு. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் லைன் வீடுகள். பத்தொன்பது தகரக் கூரை, பத்தொன்பது குடும்பம். விரிசலைப் பார்த்த தாசில்தார், உடனே எல்லாரையும் கீழே இறக்கச் சொன்னார். எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. பழைய ஆள் என்று கோமதிநாயகத்துக்குப் போன் போட்டார்.

"எதிர் மேட்டுப் பள்ளிக்கூடம்" என்றார் கோமதிநாயகம். "அந்த மைதானத்துல நான் நட்ட கல் இருக்கு. வேலைக்குச் சேந்த வருஷம் நட்ட முதல் கல். மலையே போனாலும் அது போகாது."

தாசில்தார் நம்பினார். மூன்று வகுப்பறைகளில் எழுபத்தொரு பேர் குடிபுகுந்தார்கள். பிள்ளைகள் வராந்தாவில் படித்தன.

பத்து வாரம் போயிற்று. புரட்டாசி முடியப்போகிறது. தாசில்தார் மறுபடி கேட்டார். இந்த முறை எழுத்தில்.

ஐப்பசி மழைக்கு முன்பு முடிவு வேண்டும். ஏழாம் நம்பரில் மக்கள் திரும்பக் குடியேறலாமா, கூடாதா? கூடாது என்றால் வீடுகள் இடிக்கப்படும். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை.

குரு கடிதத்தைச் சீடரிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி. உங்க மலை."

சீடருக்கு அது முதல் தனி வேலை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கணக்கைத் தொடங்குமுன் கணினி ஒரே ஒரு கேள்வி கேட்கும். எது அசையாதது? அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அளக்கும்.

சீடர் பள்ளிக்கூடத்துக் கூரையைத் தொட்டார். கல்லுக்குப் பக்கத்துக் கூரை. யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை மத்தியானம் படம் வந்தது. ஏழாம் நம்பரின் பத்தொன்பது கூரையும் நீலம். பத்து வாரத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது.

சரிவின் அடிவயிறு உடையுமுன் புடைக்கும். சீடருக்குத் தெரியும், பார்த்திருக்கிறார். தாசில்தாருக்கு வாய்மொழியாகச் சொன்னார்: குடியிருக்கத் தகாது. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அந்த ஜனங்களுக்கு இதைக் காகிதம் போய்ச் சொல்லக்கூடாது என்று நினைத்தார். நல்ல மனிதர்தான்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைப்பவர் ராக்காயி. அவரும் ஏழாம் நம்பர்க்காரர். பத்து வாரமாகப் பிள்ளைகளோடு சேர்த்து அத்தனை பேருக்கும் அவர்தான் பொங்குகிறார். சீடர் போனபோது அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க சர்வேயர் ஐயா. என்ன சொல்லுது வானத்துல போற ஒங்க டப்பா?"

"வீடுங்க எல்லாம்... ஏறுதும்மா."

"என்னது?"

"தரை மேல வருது. பத்து வாரத்துல ரெண்டு சென்டிமீட்டர்."

"ஏறட்டுமே. எங்க மாமியாருக்கு மாடி வீட்டுல சாகணும்னு ரொம்ப நாளா ஆசை."

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். சீடர் சிரிக்கவில்லை.

"புடைச்சா ஒரு நாள் உடையும்மா. திரும்பிப் போக முடியாது. வீட்டை இடிச்சிருவாங்க."

சிரிப்பு நின்றது. ராக்காயி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"கண்டியில இருந்து போன்னாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. வந்தோம். இப்ப ஏழாம் நம்பர்ல இருந்தும் போங்கறீங்க. போறோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்த டப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க ஐயா. எங்களுக்குன்னு அசையாம ஒரு எடம் இருக்கா, இல்லியா?"

சீடர் பேச்சை மாற்ற அடுப்பைப் பார்த்தார்.

"அது எதுக்குச் சில்லு?"

"கொழம்பு ஒரு பக்கமாவே பொங்கி வழியுது. இது மூணாவது சில்லு."

"கொத்தன் தரையை மட்டம் பாக்காமப் போட்டிருக்கான்."

"ஆடியில நேராத்தான் இருந்துச்சு."

சீடரின் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை காலை அறிக்கையையும் படத்தையும் குருவின் மேஜையில் வைத்தார். குரு படத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஓரம் எங்க அண்ணாச்சி?"

"எந்த ஓரம்?"

"ஏழாம் நம்பர் மட்டும் இருக்கு. அதைச் சுத்தி இருக்கறதெல்லாம் எங்க?"

"வெட்டிட்டேன் மேடம்."

"ஏன்?"

"கேட்ட புலத்தை மட்டும்தான் வரையணும். பக்கத்துப் புலத்தை வரைஞ்சு கொண்டுபோனா அதிகாரி கிழிச்சு மூஞ்சில எறிவாரு. 'உன்னைக் கேட்டனா?'ம்பாரு. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்."

"வெட்டினதைக் காட்டுங்க."

சீடர் முழுப் படத்தையும் திரையில் விரித்தார். விரித்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

மாதா கோயில் நீலம். பஸ் ஸ்டாண்டு நீலம். தண்ணீர்த் தொட்டி நீலம். ஊருக்கு வடக்கே பல யுகமாய்க் கிடக்கும் மொட்டைப் பாறை, அதுவும் நீலம்.

"மேடம், மலையே புடைக்குது! இது ஏழாம் நம்பர் விஷயம் இல்ல, கலெக்டருக்கே..."

"மொட்டைப் பாறையுமா?"

"இருபத்திரண்டு மில்லிமீட்டர்!"

"மாதா கோயில்?"

"இருபத்திரண்டு!"

"எல்லாம் ஒத்துப்பேசி ஏறுதுங்க போல" என்றார் குரு. "ஜீப்பை எடுங்க."

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் குரு மட்டம் பார்க்கும் ட்யூபை இரவல் வாங்கிக்கொண்டார். உள்ளே தண்ணீர் தெரியும் வெள்ளை ட்யூப். முப்பது அடி. பணக்காரன் வீடானாலும் மாட்டுக் கொட்டகையானாலும் கொத்தனார் அதை வைத்துத்தான் இரண்டு மூலையையும் சமமாக்குவார். தண்ணீர் இரண்டு நுனியிலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார்கள். மைதானத்தின் பள்ளத்து ஓரத்தில் கோமதிநாயகத்தின் கல் நின்றது. பக்கத்தில் ராக்காயி ஒரு கீரைப் பாத்தி போட்டிருந்தார். அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பாத்தியில நில்லுங்க."

"கீரை இருக்கு மேடம்."

"நில்லுங்க."

நின்றார்.

"ட்யூபோட இந்த நுனியைச் சட்டையில ரெண்டாவது பொத்தானுக்கு நேரா பிடிங்க. மேல தூக்கக் கூடாது, கீழ விடக் கூடாது. பொத்தானை விட்டு நகரக் கூடாது."

பிடித்தார். மறுநுனியைக் குரு சமையற்கட்டுச் சுவருக்குக் கொண்டுபோனார். தண்ணீர் நின்ற உயரத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். நுனியைச் சுவர் ஆணியில் கட்டினார்.

"அசையாதீங்க."

"அசைய மாட்டேன்."

குரு உள்ளே போய்விட்டார். ராக்காயியிடம் தேநீர் வாங்கிக் குடித்தார். என்ன உரம், என்ன விலை, மாமியாருக்கு எந்த முட்டி வலி என்றெல்லாம் விசாரித்தார். வெளியே சீடர் பொத்தானைப் பார்த்தபடி நின்றார். அவர் எண்பத்தெட்டு கிலோ. பிள்ளைகள் வராந்தாவில் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன.

ராக்காயி வெளியே வந்தார்.

"அய்யய்யோ! யாரு அது கீரையில? ஐயா, ஒங்களுக்கு நிக்க வேற எடமே கெடைக்கலியா?"

"அசையாதேன்னிருக்காங்க."

"யாரு?"

"மேடம்."

"மேடம் சொன்னா அடுப்புலயும் நிப்பீங்களா?"

சீடர் அசையவில்லை. அதற்குள் குரு சுவரருகே வந்து கோட்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தண்ணி கோட்டை விட்டுக் கீழ நிக்குது. ரெண்டு விரல்."

"அப்படியா?"

"ஆமா. சுவர் ஏறிடுச்சு."

"சுவர் எப்படி மேடம் ஏறும்?"

"நேத்து பத்தொன்பது வீடு ஏறிச்சே."

"அது வேற..."

"நீங்க அசைஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல. மூச்சுகூட மெல்லத்தான் விட்டேன். பொத்தான் இருக்குற எடத்துல இருக்கு, பாருங்க."

ராக்காயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பொத்தான் இருக்குது ஐயா. செருப்பு எங்க?"

சீடர் குனிந்து பார்த்தார். செருப்பு இல்லை. கணுக்கால் வரை சேறு.

ட்யூப் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் பாத்தியில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்ற தன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் நின்றது. முப்பத்தாறு வருஷமாக நேராகத்தான் நிற்கிறது. தரை அதையும் சேர்த்து நேராக இறக்கினால் அது என்ன செய்யும்?

பிறகு, குருவிடம் அல்ல, ராக்காயியிடம் கேட்டார்.

"அம்மா, அந்த அடுப்பு... எத்தனை சில்லுன்னீங்க?"

"நேத்து மூணு. இன்னிக்குக் காலையில ஒண்ணு."

"எந்தப் பக்கத்துக் காலுக்கு?"

ராக்காயி கையைக் காட்டினார். கல் நின்ற பக்கம்.

சீடர் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வெளியே வந்தார். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. வழக்கம்போல் கல்லின் மேல் உட்காரப் போனார். உட்காரவில்லை.

"நான்தான் மேடம் சொன்னேன். இங்க கொண்டாந்து வைங்கன்னு. நல்ல எடத்துல இருந்தவங்களைத் தூக்கி..."

"அதை அப்புறம் அழுவோம். எத்தனை பேர்?"

"எழுபத்தொண்ணு. பிள்ளைங்க இருபது."

"அப்ப உட்காருங்க. திரும்பக் கணக்குப் போடுங்க."

வராந்தாவில் பெஞ்சைப் போட்டுக் கணினியைத் திறந்தார்கள். கேள்வி வந்தது. எது அசையாதது?

சீடர் குருவின் பக்கம் திரும்பினார்.

"எதைத் தொட?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு இனிமே எதையும் நம்பப் பயமாருக்கு."

"நல்லது. பயந்துக்கிட்டே தொடுங்க."

மொட்டைப் பாறையைத் தொட்டார். கணக்கு ஓடியது. படம் வந்தது. மாதா கோயில் பச்சை. பஸ் ஸ்டாண்டு பச்சை. தண்ணீர்த் தொட்டி பச்சை. திருப்தி இல்லை. பாறையை விட்டு மாதா கோயிலைத் தொட்டார். மறுபடி அதே படம். தொட்டியைத் தொட்டார். அதே படம். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்.

ஏழாம் நம்பர், பத்தொன்பது கூரையும் பச்சை.

எதிர் மேட்டில் ஒரு கூரை மட்டும் சிவப்பு. அதன் கீழேதான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப ரோட்டு விரிசல்?" என்றார் சீடர்.

"போய்ப் பாத்தீங்களா?"

போகவில்லை. ஜீப்பில் போய்ப் பார்த்தார், செருப்பில்லாமல். சாலை ஓரத்தில் கொட்டிய புது மண் மட்டும் கழன்று இறங்கியிருந்தது. அதற்கு அடியில் பழைய தரை கட்டியாக இருந்தது. குதிகாலால் நாலு இடத்தில் இடித்துப் பார்த்தார். குதிகால்தான் வலித்தது.

அங்கிருந்தே தாசில்தாருக்குப் போன் போட்டார்.

"ஐயா, கோமதிநாயகம். நேத்து நான் சொன்னது தப்பு. தலைகீழா சொல்லிட்டேன்."

"என்னய்யா தலைகீழு?"

"ஏழாம் நம்பர் நல்லாருக்கு. பள்ளிக்கூடம்தான் இறங்குது."

"யோவ், விளையாடறியா? சனிக்கிழமை இடிக்க ஜேசிபிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"ஜேசிபியை நிறுத்துங்க. லாரி அனுப்புங்க. இன்னைக்கே."

"நீதானய்யா கல்லு இருக்கு, கல்லு இருக்குன்னே?"

"ஆமா ஐயா. நான்தான். அந்தக் கல்லும் சேந்து இறங்குது."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு கேட்டார்.

"எவன் கையெழுத்துப் போடறது?"

"நான் போடறேன். அதுக்கு முன்ன நீங்க ஒரு நடை வாங்க. படத்தைப் பாக்க வேண்டாம். அடுப்பைப் பாருங்க."

தாசில்தார் இரண்டு மணிக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார். நாலு சில்லையும் விரலால் தொட்டு எண்ணினார். ராக்காயி அவரைச் சமையற்கட்டின் பின்பக்கம் கூட்டிப்போய், சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியைக் காட்டினார். வெளியே வந்தவர் லாரிக்குப் போன் போட்டார்.

சாயங்காலத்துக்குள் மூன்று லாரி நடை. பாய், பாத்திரம், கோழி, மாமியார். கடைசி நடையில் ராக்காயி அடுப்பை ஏற்றினார். சில்லு நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சீடர் லாரியின் பின்னால் நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா."

"எதுக்கு? கீரைக்கா, மத்ததுக்கா?"

"ரெண்டுக்கும்."

"மத்ததை மன்னிக்கலாம். ஆளுக்கு ஆள் தப்பு செய்யறதுதான். கீரை அப்படியில்ல ஐயா. அது பத்து வாரப் பாத்தி."

லாரி கிளம்பியது.

ஐப்பசி ஒன்பதாம் தேதி விடாமல் மழை. மத்தியானம் பள்ளி மைதானத்தில் பாதி போயிற்று. சமையற்கட்டுச் சுவர் போயிற்று. கீரைப் பாத்தி போயிற்று. சீடரின் செருப்பு போயிற்று. கல்லும் போயிற்று. ஆள் யாருமில்லை. பிள்ளைகள் ஏழாம் நம்பர் சமூகக் கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தன.

தையில் வெயில் வந்தது.

மொட்டைப் பாறையில் குரு ஒரு தகரப் பெட்டி வைக்கச் சொன்னார். பெட்டி என்றால் முழுப் பெட்டி இல்லை, ஒரு மூலை மட்டும். மூன்று தகடுகள் ஒன்றையொன்று செங்குத்தாகச் சந்திக்கும். எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். செயற்கைக்கோளுக்கு அது இருட்டில் வைத்த விளக்கு மாதிரி தெரியும். மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க நடுவில் ஒரு ஓட்டை. சீடர் போல்ட்டுகளை முறுக்கினார். குரங்கு ஒன்று வந்து பார்த்து, தின்ன ஒன்றுமில்லை என்று போயிற்று.

கீழே எதிர்ச் சரிவு தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே வடிகால் வெட்டியிருந்தார்கள். மூன்று மாதமாகச் சிவப்பு வெளுத்துக்கொண்டே வருகிறது. இந்தப் பக்கம் ஏழாம் நம்பரில் புகை எழும்பியது. ராக்காயி அங்கே புதுப் பாத்தி போட்டிருக்கிறார். குருவுக்கு ஒரு கட்டு, சீடருக்கு ஒரு கட்டு என்று காலையில்தான் கீரை கொடுத்தனுப்பினார். சீடரின் கட்டில் ஒரு சீட்டு இருந்தது. யாரோ பிள்ளையிடம் சொல்லி எழுதியது. 'தின்ன மட்டும். நிக்க இல்ல.'

சீடர் பையிலிருந்து ஒரு டப்பாவையும் தூரிகையையும் எடுத்தார். சிவப்பு பெயின்ட். பழைய துறையில் கற்களுக்கு அடிப்பது.

"அது எதுக்கு?" என்றார் குரு.

"அந்தம்மா அன்னைக்கு ஒண்ணு கேட்டாங்க மேடம். அசையாம ஒரு எடம் இருக்கா, இல்லையான்னு. நான் பதில் சொல்லல."

குரு போல்ட்டுகளை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"இந்தப் பாறை அசையல. மூணு மாசமாப் பாக்குறேன். மாதா கோயிலைக் கேட்டேன், தொட்டியைக் கேட்டேன். எல்லாம் ஒத்துக்குது. அதான், இதுல எழுதி வெச்சிடலாம்னு. இது அசையாததுன்னு."

"எழுதுங்க."

சீடர் எதிர்பார்க்கவில்லை.

"எழுதலாமா மேடம்?"

"எழுதுங்க அண்ணாச்சி. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அவர் முட்டி போட்டு எழுதினார். முப்பத்தைந்து வருஷக் கை, எழுத்து கோணவில்லை. நிமிர்ந்தார்.

"கீழ தேதி போடணும்."

"போடுங்க."

"இன்னைக்குத் தேதிதானே?"

குரு வெறும் வானத்தைக் காட்டினார்.

"அது அடுத்து வர்ற தேதி. பன்னெண்டு நாள் கழிச்சு. அன்னைக்குப் பாத்துட்டு, அழிச்சு மறுபடி எழுதுவோம்."